கொழுந்தனின் லேப்டாப்

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. உலை கொதிப்பதற்குள் மூடியை நாலு தடவை திறந்து பார்க்கிற ஆள் நான். என் தலையில் போய் அந்த லேப்டாப்பைக் காப்பி எடுக்கிற வேலை விழுந்தது.

என் வீட்டுக்காரரின் தம்பி, துபாயில் வேலைக்குப் போன இடத்தில் ரோட்டில் அடிபட்டு மவுத்தாகிப் போனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். லப்பைக்குடிகாட்டில் இருந்த மாமிக்குப் பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மாசக்கணக்கில் கழித்து அவனுடைய பெட்டி மட்டும் வந்தது. சட்டைகள், ஒரு அத்தர் குப்பி, அவன் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்த கனத்த பழைய லேப்டாப்.

சட்டைகளை மாமி எடுத்துக்கொண்டார். லேப்டாப் என்னிடம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள், அந்த வீட்டில் நான் ஒருத்திதான். திறந்து துழாவியபோது அவன் பேசிப் பதிவு செய்தவை வரிசையாக இருந்தன. ஊருக்கு வருகிற யாரிடமாவது சிடியில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப நினைத்திருக்கிறான் போல. ஒன்றைத் திறந்தேன்.

"அம்மா..." என்றது அவன் குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மேல் பதிவு ஓடவில்லை. லேப்டாப்பின் உள்ளேயிருந்து கடக் கடக் என்று சத்தம்தான் வந்தது.

மறுநாளே பஸ் ஏறிப் பெரம்பலூர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காதை வைத்துக் கேட்டார்.

"ஹார்டு டிஸ்க் போற மாதிரி இருக்குங்க. பேட்டரியும் செத்துப்போச்சு. சும்மா சும்மா போட்டுக் கேக்காதீங்க, மொதல்ல காப்பி எடுத்துடணும். வெச்சுட்டுப் போங்க, நானே எடுத்துத் தரேன்."

அந்தக் குரலை மாமி கேட்பதற்கு முன்னால் பிறத்தியார் கேட்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு பென் டிரைவைக் கொடுத்து, அது வேலை செய்ய வேண்டிய சாஃப்ட்வேரையும் லேப்டாப்பில் ஏற்றித் தந்தார்.

மாமியிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை போடு என்று உயிரை எடுத்துவிடுவார், டிஸ்க் தாங்காது. எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு உட்கார வைத்துக் கேட்கச் செய்யலாம் என்று இருந்தேன்.

மத்தியானம் டிவி பக்கத்துப் பிளக்கில் சொருகி ஆரம்பித்தேன். காப்பி ஆகிறது என்று காட்டுகிற காகிதப் படம் திரையில் பறந்துகொண்டே இருந்தது, நீலக் கோடு நகர்கிற வழியாக இல்லை. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத அந்தச் சனியன் அப்படியே படுத்துவிடும். அடுப்படிக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஃபேன் சுற்றுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். கடக் என்று சத்தம் வரும்போதெல்லாம் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன்.

"என்னம்மா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துற?" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி."

முதல் பதிவு முடிந்து இரண்டாவது ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று கொல்லைக்குப் போய்க் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. எங்கள் வீட்டில் பாங்கு சொன்னால் ஓடுகிறது எதுவானாலும் நிறுத்திவிட வேண்டும். மாமிக்கு ரிமோட்டெல்லாம் ஆகாது, நேராகச் சுவரில் இருக்கிற சுவிட்சுக்குத்தான் போவார்; டிவிக்கும் லேப்டாப்புக்கும் அது ஒன்றுதான். அது எனக்கு உறைத்ததும் துணிகளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

லேப்டாப் திரை கறுத்துக் கிடந்தது. மாமி சுவிட்சுப் பக்கத்தில் நின்று, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பாங்குக்குச் சொல்கிற பதிலை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாங்கு முடிகிற வரைக்கும்கூட என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"ஏன் மாமி அமத்துனீங்க? அதுல உங்க சின்ன மவன் உங்ககிட்ட பேசுனது இருந்துச்சு! எல்லாம் போச்சு!"

மாமி என்னையே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சுவிட்சைத் திரும்பப் போட்டும் லேப்டாப் எழும்பவில்லை. பெரம்பலூர்க் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். பென் டிரைவில் ஒரே ஒரு பதிவுதான் முழுசாக வந்திருக்கிறது என்றார். என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, மாமியை அழைத்து வருகிறேன் என்று வந்துவிட்டேன். ஆத்திரம் அடங்காமல் அந்த வாரம் முழுக்க மாமியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாங்கு கேட்டால் மாமி சுவிட்சைத் தொடாமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் போய் நிறுத்துவேன்.

ஒருநாள் கடைக்கு அழைத்துப் போனேன். மாமியின் முக்காட்டின் மேலேயே ஹெட்போனை மாட்டிவிட்டேன். கடைக்காரர் பதிவை ஓட விட்டார். மாமி கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "கேக்குதுப்பா! நல்லா கேக்குது!" என்றார். "சாப்புட்டேன்ப்பா" என்றார். சீக்கிரமே ஹெட்போனைக் கழற்றிவிட்டார். பாதியில் அறுந்துவிட்டதோ என்று பதறி நான் வாங்கி மாட்டினேன்.

"அம்மா, கேக்குதா? நல்லா கேக்குதா? சாப்புட்டியாம்மா? நான் நல்லா இருக்கேன். உன்கிட்ட நெறைய சொல்லணும்..." அவனுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு பாங்கு ஆரம்பிப்பது கேட்டது. "இரும்மா, பாங்கு சொல்றாங்க. அமத்திட்டு அப்புறம் பேசுறேன்."

அவ்வளவுதான். அப்புறம் பேசியதெல்லாம் அந்தச் செத்த டிஸ்கில் கிடக்கிறது.

மாமி என் கையைப் பிடித்தார். "பாத்தியாம்மா? அவனும் அமத்திட்டான்" என்றார்.