இரணைமடுவில் டொக்டர் போட்ட வெற்றிலை

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் போய்ப் பயணக் கட்டுரை எழுதுகிற எனக்கு, பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். வயது நாற்பத்தெட்டு, தலையில் பாதி வழுக்கை, கந்தோரில் நாலு பேர் 'ஐயா' என்று எழுந்து நிற்கிறார்கள். ஆனால் ஆனையிறவைத் தாண்டுவதற்குள் நான் பால்குடிப் பிள்ளை. உப்பளத்தின் அழகைப் பற்றி நான் முன்பு உருகி எழுதியதெல்லாம் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, வேறு அலுவலாக இருந்தபோது கண்டவைதான்.

இம்முறை தை மாதக் கடைசியில் போனேன். இரணைமடுக் குளம் நிரம்பி நிற்கிறது, பார்க்கப் போகிறேன் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். உண்மையான காரணம் பறுவதம் அக்கா. என் உடன்பிறந்த அக்கா. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்தை விட்டு, வாய்க்கால் கரையில் மூன்று ஏக்கர் வயலோடு வாழ்கிறவர். அவருடைய புருஷன் சந்தைக்கு வந்தபோது என் வீட்டுப் படலையில் நின்று, உள்ளே வராமலே சொன்னார்: "கொக்காவுக்கு வாயிலை ஒரு புண். கார்த்திகையிலை வந்தது, இன்னும் ஆறேல்லை. உறைப்புப் பட்டால் கண்ணாலை தண்ணி ஓடுது. காட்டு எண்டால் குசினிக்கை போய்க் கதவைச் சாத்துறா."

அக்கா விடிந்தால் வெற்றிலை, பொழுதுபட்டால் வெற்றிலை. அதுவும் போயிலையோடு. இரவில் ஒரு வாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டுதான் படுப்பார்.

என் மனைவியின் தம்பி சிவநேசன் காது, மூக்கு, தொண்டை டொக்டர். சீமையில் படித்துவிட்டு வந்து ஒரு வருடம். அவனிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். "எந்தப் பக்கம் ஒதுக்கிறவா, அத்தான்?" என்று கேட்டான். இங்கும் இந்தியாவிலும் டொக்டர்மார் இப்போது இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்களாம். போயிலையை எந்தக் கன்னத்தில் வைத்துப் படுக்கிறார்களோ, வாய்ப் புற்று அந்தக் கன்னத்திலேயே வருவதைத் திரும்பத் திரும்பக் காண்கிறார்களாம். ஆரம்பத்தில் நோகாது. நோகாததால் யாரும் காட்டுவதில்லை. காட்டுகிறபோது வெட்டுவதற்கு இடம் மிச்சம் இருப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகள் போயிலைக் காசில் கட்டியவை என்பதால், இதை அவன் உரத்துச் சொல்லுவதில்லை.

அவனும் மருந்துப் பையோடு என்னுடன் புறப்பட்டான். யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு பஸ். கிளிநொச்சி நாற்பத்திரண்டு மைல், இரண்டரை மணித்தியாலம். டொக்டர் என்னை முன் ஆசனத்தில் இருத்தி, "தூரத்திலை ஒரு பனையைப் பாருங்கோ. வாந்தி வயித்தாலை வாறதில்லை, காதாலை வாறது," என்றான். உள்காதில் நீர் நிரம்பிய வளையங்கள் இருக்கின்றனவாம். கண் ஒன்று சொல்ல, வளையம் வேறொன்று சொல்ல, நடுவில் அகப்பட்ட மூளை வயிற்றைத் தண்டிக்கிறதாம். எங்கள் கந்தோரும் அப்படித்தான் நடக்கிறது. பனையைப் பார்த்துக்கொண்டு பரந்தன் வரை சமாளித்தேன். பரந்தனில் பனை முடிந்துபோயிற்று.

கிளிநொச்சியில் பத்துச் சதத்துக்கு ஒரு பிளேன் ரீ குடித்து, நாலு ரூபாய்க்கு ஒரு வாடகைக் கார் பிடித்தோம். சாரதி சந்தியில் திரும்பும்போதே கதையைத் தொடங்கினார்.

"பறுவதம் அக்கா வீட்டையோ? அங்கை வெத்திலை போடாமல் ஒருத்தரும் படலை தாண்டேலாது. போன மாதம் நீர்ப்பாசன ஐயா வேண்டாம் எண்டவர். அவருக்குத் தேத்தண்ணியும் இல்லாமல் போச்சு."

இதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. காரின் பின் ஆசனத்தில் டொக்டருக்கு நான்தான் ஆலோசனை சொன்னேன்: "வெத்திலைத் தட்டத்தைத் தொடாதை. நீ தொட்டால் பிறகு என்ன வாயாலை அவவைத் தடுப்பாய்?" மிக நியாயமான ஆலோசனை. என்னுடைய ஆலோசனைகள் எல்லாம் நியாயமானவை, அதுதான் அவற்றில் உள்ள கரைச்சல்.

அக்கா மெலிந்திருந்தார். விறாந்தையில் கதிரை போட்டார், செம்பில் தண்ணீர் தந்தார், தட்டத்தைக் கொண்டுவந்து டொக்டருக்கு முன்னால் வைத்தார். டொக்டர் கையைக் கூப்பினான்.

"நான் பாவிக்கிறேல்லை, அக்கா."

"சாட்டுக்கு ஒரு கிள்ளு எடுங்கோ."

"இல்லை, வேண்டாம்."

அக்கா தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எங்கள் ஊர்ப்பக்கத்தில், முன்னால் வைத்த வெற்றிலையைத் தொடாமல் விடுவது சாதாரண விசயமல்ல. கலியாணத்துக்குச் சொல்வதும் அதை வைத்துத்தான், கோபம் தீர்ந்ததென்று காட்டுவதும் அதை எடுத்துத்தான். தொடாதவன் உறவு வேண்டாம் என்கிறான். குசினிக்குள் சட்டிகள் கொஞ்சம் பலமாகவே இடிபட்டன.

மத்தியானம் குளத்து விரால் குழம்பு. எங்களுக்குப் போட்டுவிட்டு, அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து உப்பில்லாக் கஞ்சி குடித்தார். ஒவ்வொரு முடறுக்கும் தோள் ஒருமுறை உயர்ந்தது. டொக்டர் சோற்றைப் பிசைந்தபடி அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடிய, நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். "அக்கா, டொக்டர் வந்த இடத்திலை ஒருக்கால் வாயைப் பாக்கட்டுமே."

"ஏன் பாக்க வேணும்?" அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். "என்ரை தட்டத்திலை கை வையாத ஆளுக்கு என்ரை வாயிலை என்ன அலுவல்?"

ஒன்றிரண்டு மாதத்தில் அந்தக் கஞ்சியும் இறங்காமல் போகலாம் என்று எனக்குத் தெரியும், டொக்டருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வாய் திறக்கும்வரை அது புண். திறந்து ஒருவர் பார்த்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும்.

டொக்டர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தான். "அக்கா, தட்டத்தைக் கொண்டுவாங்கோ."

"கிள்ளி வைச்சுப்போட்டுத் துப்புறதில்லை."

"இல்லை. நீங்கள் போடுறமாதிரி மடிச்சுத் தாங்கோ."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வஞ்சகமில்லாமல், தனக்கு மடிப்பது போலவே மடித்தார்: இரண்டு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு விரல் நீளத்துக்குப் போயிலை. சீமைப் படிப்புப் படித்த வாய் அதை முழுதாக வாங்கிக்கொண்டது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. வயலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான். மூன்றாவது கேள்வியின் நடுவில் நெற்றி வேர்த்தது. விக்கல் வந்தது. முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளிறியது. "அத்தான், வீடு சுத்துது," என்று கதிரையைப் பிடித்தான். என் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தத் துறையில் நான் வல்லுநராக நின்றேன். பாயை விரித்துக் கிடத்தி, படிக்கத்தைப் பிடித்து, "தூரத்திலை ஒரு பனையைப் பார்," என்றேன்.

அக்கா சிரித்தார். தலைமாட்டில் குந்தி, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு, "ஐயோ என்ரை பிள்ளை, இவ்வளவுதானோ உங்கடை சீமை," என்று வாயை மறைக்க மறந்து சிரித்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. பாயில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, அப்பிடியே சிரிச்சுக்கொண்டிருங்கோ. அத்தான், டோர்ச்."

கீழே கிடந்தபடியே பார்த்தான். இடப்பக்கம், நாக்கின் ஓரம், ஒரு சின்னிவிரல் நகமளவு. எழுந்து, சுவரைப் பிடித்து ஒருமுறை தள்ளாடி, கை கழுவி, விரலால் தடவிப் பார்த்தான். கழுத்தின் இருபக்கமும் அழுத்திப் பார்த்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"கூடாததோ?" என்று அக்கா கேட்டார்.

"பாத்துச் சொல்லேலாது, அக்கா. ஓரம் தடிச்சிருக்கு. ஒரு அரிசியளவு துண்டு எடுத்து கொழும்புக்கு அனுப்பினால்தான் தெரியும்."

அக்கா வயலைப் பார்த்தார். கதிர் தலை சாய்ந்து நின்றது. "அருவி வெட்டு முடியட்டுமே?"

"வேண்டாம், அக்கா. அதுக்கிடையிலை தெரிஞ்சால் நல்லது."

"எடுங்கோ," என்றார். "என்ரை வெத்திலையை ஏமாத்தாமல் போட்டனீங்கள்."

விறைப்பு ஊசி போட்டு, விறாந்தை வெளிச்சத்தில் எடுத்து முடித்தான். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடியது யார் என்பது பற்றிக் குடும்பத்தில் இரண்டு அபிப்பிராயம் உண்டு.

திரும்பும்போது மருந்து நீரில் மிதந்த அந்தத் துண்டு, மூடிய சிறு போத்தலில் என் மடியில் வந்தது. பனையைப் பார்க்கவில்லை, உப்பளத்தையும் பார்க்கவில்லை. போத்தலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாந்தி வரவில்லை. ஏன் என்று டொக்டரைக் கேட்டேன். "அது இன்னும் கண்டுபிடிக்கேல்லை," என்றான். ஆனையிறவு தாண்டியதும் தன்பாட்டில் சொன்னான்: "வெத்திலையை விடுங்கோ எண்டால், சனத்துக்குப் படலையைச் சாத்துங்கோ எண்டு சொல்லுறமாதிரி இருக்கு, அத்தான். இதை எனக்கு அங்கை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை."

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. மாரி முடிந்து, குளம் நிரம்பி, கதிர் முற்றுகிற தை, மாசிதான் நல்ல காலம். காலைப் பஸ்ஸைப் பிடியுங்கள், முன் ஆசனம் கேளுங்கள். கிளிநொச்சியில் வாடகைக் காருக்கு ஐந்து கேட்பார்கள், நாலுக்கு வருவார்கள். குளக்கட்டில் மத்தியானம் நடக்க வேண்டாம், நிழல் இல்லை. ஒரு நாள் மிஞ்சினால் தெற்கே கனகராயன்குளம் வரை போகலாம், காட்டு வழி குளிர்ச்சியாக இருக்கும். யாராவது தட்டம் வைத்தால் வெற்றிலையில் ஒரு கிள்ளு எடுங்கள், போயிலையைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு கன்னத்தையும் பாருங்கள். வெள்ளையாகவோ தடிப்பாகவோ ஏதாவது ஆறாமல் கிடந்தால், மருந்தெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இராதீர்கள். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து முடிவு மாசி நடுவில் வந்தது. புற்று இல்லை. உடைந்த கடைவாய்ப் பல்லொன்று நாக்கை அராவிக்கொண்டே இருந்திருக்கிறது, வெற்றிலைக்கும் அந்தப் புண்ணுக்கும் சம்பந்தமில்லை. கிளிநொச்சியில் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், இரண்டு கிழமையில் ஆறிவிட்டது. பல் இருந்த அந்த இடைவெளி, இரவில் போயிலையை ஒதுக்க நல்ல வசதியாக இருக்கிறதாம்.