ஏகாம்பரத்தின் காக்கிச் சட்டை

போன மாதம் ஒரு சட்டை எங்கள் அபார்ட்மெண்டில் பெரிய ரகளையைக் கிளப்பிவிட்டது.

சாதாரணச் சட்டைதான். ஆகாய நீலம். முதுகில் மஞ்சள் எழுத்தில் 'செக்யூரிட்டி' என்று அச்சடித்திருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படித்துவிடலாம், அவ்வளவு பெரிய எழுத்து. எங்கள் கேட்டில் பகல் டூட்டி பார்க்கும் ஏகாம்பரம் அதைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஏகாம்பரத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை அல்லவா? ஐம்பதைத் தாண்டியவர். திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். முறுக்கிய மீசை, கஞ்சி போட்ட காக்கி, தோளில் விசில் கயிறு. ஆறு வருஷமாக எங்கள் கேளம்பாக்கம் அபார்ட்மெண்டின் கேட் அவர் கையில். ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்கள் வாசலில் மட்டும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்த ஐ.டி. ஆசாமி ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் வந்து, தூரத்தில் இவரைப் பார்த்ததும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்... சொந்த வீட்டுக்குள் வராமல்!

விஷயம் இதுதான். தனியார் காவல் ஏஜென்ஸிகளுக்குப் புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது. ஏஜென்ஸிக்கு லைசென்ஸ் வேண்டும். காவலாளிக்குப் போலீஸ் விசாரணையும் பயிற்சியும் வேண்டும். முக்கியமாக — போலீஸ், ராணுவம் போலத் தெரிகிற உடுப்பு கூடாது. சுற்றுவட்டார ஏஜென்ஸிக்காரர்களையும் அபார்ட்மெண்ட் சங்கங்களையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்றார்கள். சங்கச் செயலாளராக இருந்த பாவத்துக்கு நானும் போயிருந்தேன்.

சட்டம் நியாயமானதா? நியாயமானதுதான். யாரோ ஒருவன் காக்கியைப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆரில் வண்டியை நிறுத்தி மிரட்டினால் மாட்டப்போவது நீங்களும் நானும்தானே? குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

சங்கக் கூட்டம் போட்டோம். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எதையும் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்.

"சட்டை போட மாட்டேன்னா ஆளை மாத்துங்க சார். ஏஜென்ஸியில ஆளா இல்லை?"

ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை இவர் யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார் தெரியுமா? ஏகாம்பரத்திடம். ஆனால் கூட்டத்தில் அதையெல்லாம் பேச முடியுமா? "நான் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், இரண்டு டீ சொல்லிவிட்டு கேட் கூண்டில் போய் உட்கார்ந்தேன்.

"ஏகாம்பரம், சட்டை கலர்ல என்னங்க இருக்கு?"

அவர் டீயைத் தொடவில்லை.

"சார், உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா... எம் பொண்ணக் கட்டிக் குடுத்து ரெண்டு வருசம் ஆவுது. மாமல்லபுரத்தாண்ட வூடு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் டூட்டிலேருந்து நேரா வூட்டுக்குப் போனேன். இதே காக்கி. என்னப் பாத்ததும் சம்மந்தி எழுந்து நின்னுட்டாரு சார். 'டூட்டிலேருந்து வர்றீங்களா?'ன்னாரு. ஆமான்னேன். அத்தோட சரி. போலீசுன்னு நான் சொல்லல. அவங்களா நெனச்சிக்கினாங்க. நான் இல்லன்னும் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அந்த ஊர்ல எம் பொண்ணு 'போலீஸ்காரரு பொண்ணு'. அதுக்கொரு மருவாதி கீது. சம்மந்தி வேற கல்பாக்கம் பக்கம் சென்ட்ரல் கவர்மெண்ட்டுல செக்யூரிட்டி. பெரிய எடம். இப்ப மாப்ள இந்த ரூட்லயே ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பிச்சிக்கிறாரு. நாளைக்கே இந்த வழியா வருவாரு. காக்கில நின்னா ஏதோ பந்தோபஸ்துன்னு பூடுவாரு. முதுகுல மஞ்சக் கலர்ல எழுதிக்கினு நின்னா? ஏமாத்திக் கட்டி வெச்சுட்டான்னு எம் பொண்ண இல்ல சார் பேசுவாங்க?"

மீசையைத் தடவிக்கொண்டே அவரே கேட்டார். "இல்லன்னு சொல்லாம வுட்டது பொய்யா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பதில் சொல்லத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அறிவுரை சொல்வார்கள். நானும் சொன்னேன். "வேலையில்லாத அப்பாவுக்கு நீலச் சட்டை போட்ட அப்பா மேல் இல்லையா? நாளைக்குத் திருப்போரூர்ல பயிற்சி. அதுக்கு மட்டும் வாங்க."

யோசித்தார். "அங்க யார் யாரு வருவாங்க?"

"காவலாளிங்க மட்டும்தான்."

"அப்ப நம்ம ஜனம் யாரும் வராது. சரி சார், வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பள்ளிக்கூட மைதானம். சங்கச் செயலாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நானும் நின்றுகொண்டிருந்தேன். ஏகாம்பரம் நீலச் சட்டையை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டார். வெளியே வந்தபோது கொஞ்சம் குள்ளமாகிவிட்ட மாதிரி இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு.

ஐம்பது பேர் இருக்கும். அத்தனை பேரும் நீலம். பயிற்சி கொடுத்தவர் முன்னாள் ராணுவக்காரர். நெருப்பு அணைப்பது எப்படி, வருகைப் பதிவேடு எழுதுவது எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக எல்லோரையும் எதிரெதிராக இரண்டு வரிசையாக நிறுத்தினார்.

"எதுத்தாப்ல நிக்கிறவருக்கு சல்யூட்!"

ஐம்பது கைகள் மேலே போயின. இரண்டு கைகள் பாதியில் நின்றுவிட்டன. ஒன்று ஏகாம்பரத்தின் கை. இன்னொன்று அவருக்கு நேர் எதிரே நின்ற, நெற்றி நிறைய விபூதி பூசிய ஒல்லி மனிதரின் கை.

"சம்மந்தி..?"

"சம்மந்தி..?"

"அங்க இன்னாய்யா பேச்சு? சல்யூட்!"

இருவரும் அடித்தார்கள் பாருங்கள் ஒரு சல்யூட்! "இத்தான்யா சல்யூட்டு, எல்லாரும் பாத்துக்குங்க" என்றார் பயிற்சிக்காரர்.

இடைவேளையில் இருவரும் தண்ணீர்த் தொட்டி பக்கம் வந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான். சம்பந்தியின் பெயர் தணிகாசலம். திருவிடந்தை பக்கம் ஒரு பீச் ரிசார்ட் கேட்டில் எட்டு வருஷமாக நிற்கிறாராம். அவருக்கும் காக்கி போய் நீலம் வந்திருக்கிறது.

"நீங்க சென்ட்ரல் கவர்மெண்ட்டுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்?" என்றார் ஏகாம்பரம்.

"நான் சொன்னனா? கல்பாக்கம் போற வழின்னேன். நீங்க ஸ்டேஷன்னு இல்ல நான் நெனச்சேன்?"

"நான் சொன்னனா? சரி, நீங்க ஏன் விசாரிக்கல?"

"நான் விசாரிச்சா நீங்க திருப்பி விசாரிப்பீங்களே!"

அங்கேதான் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஏகாம்பரத்தின் முகம் சட்டென்று வாடிவிட்டது. பெண் ஞாபகம். என் செல்போனை வாங்கி மகளைக் கூப்பிட்டு, தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கணீர்க் குரல். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"கண்ணாலம் ஆன மறுவாரமே மாமா எங்க வேல செய்றாருன்னு தெரியும்பா எனக்கு. நீ யாருன்னு அவரு புள்ளைக்கும் அப்பவே சொல்லிட்டேன்."

"ஏம்மா எங்களாண்ட சொல்லல?"

"நீ வந்தா மாமா சேர் எடுத்துப் போடுவாரு. மாமா வந்தா நீ எழுந்து நிப்ப. ரெண்டு பேரும் அவ்ளோ மருவாதியா கீறீங்க. அத்த நான் எதுக்குப்பா கெடுக்கணும்?"

தணிகாசலம் குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார். "இனிமேலும் சேர் போடுவேம்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

கூட வேலை செய்கிறவர் யார், வாசலில் நிற்கிறவர் யார் என்று விசாரிக்கச் சட்டம் வேண்டும்தான். ஆனால் வீட்டுக்குள்ளே எதை விசாரிக்கக் கூடாது என்பதற்கு ஒரு புத்தி வேண்டும். அது அந்தப் பெண்ணிடம் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஏகாம்பரம் நீலத்தில் நின்றார். அதற்கும் கஞ்சி போட்டிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வேகம் குறைத்து, செல்லமாக ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் விசிலை எடுத்து ஊதினார். "இன்னா மாப்ள, ஹாரன் அடிக்காதன்னு போர்டு கீது, கண்ணுக்குத் தெரியல?"

சரி, எனக்கு ஏன் சுருக்கென்றது?

நான் வேலை பார்ப்பது கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில்தான். ஆனால் ஸ்டோர்ஸ் பிரிவில். பல்பும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. திருச்சியில் இருக்கும் என் மகனின் மாமனார் ஊரெல்லாம் என்னை 'சயின்டிஸ்ட் சம்பந்தி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

இதைத் தமிழ்ப் பத்திரிகையில் எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? அவர் இங்கிலீஷ் பத்திரிகை மட்டும்தான் படிப்பாராம். நான் விசாரித்ததில்லை.