பதினோரு வருடம் இறந்திருந்தவர்

கோக்சூன் ஸ்கூட்டர் பழுது பார்க்கிறவர். சியாயி நகரத்தில் கோவிலுக்குப் பின்சந்தில் அவருடைய பட்டறை. அதற்கு நேர் எதிரே என் வாடகைப் புத்தகக் கடை. அவருடைய அப்பா செத்த அன்று கூலிக்கு அழ வந்த பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள், சந்தே மூக்கைச் சிந்தியது. மூத்த மகனான கோக்சூன் மட்டும் மரம் மாதிரி நின்றார். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும்தான் பேசினேன், மறைக்க என்ன இருக்கிறது.

நாற்பது நாள் கழித்து ஒரு மழைநாளில் பொழுது போகாமல் கடைக்கு வந்தார். 'ஒன்பதாம் பாலம்' என்ற வாள்வீரர் நாவலைக் கையில் கொடுத்தேன். அதில் கூ ஷான்யூ என்ற வீரன், ஊர் ஜனம் ஆற்றைக் கடந்து தப்பிக்கும்வரை ஒற்றை ஆளாகப் பாலத்தைக் காத்து நின்று சாகிறான். இந்த மாதிரிக் கதைகளில் மலையுச்சியிலிருந்து விழுந்தவன் சாகமாட்டான், குகையில் ரகசியச் சுவடி படித்துவிட்டு இன்னும் பலசாலியாக வருவான் என்பது என் கடைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். இதை எழுதியவர் அதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. ஷான்யூவைக் கொன்று, குளிப்பாட்டி, பெட்டியில் வைத்துப் புதைத்து, கல்லறையில் புல் முளைத்த பிறகுதான் பேனாவை மூடியிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கோக்சூன் அழ ஆரம்பித்தார். மூன்று நாள் அழுதார். நடுவில் 'அப்பா' என்றும் கூப்பிட்டாராம். அவர் மனைவி ஆலியான்தான் சொன்னாள்.

அழுது முடித்ததும் ஷான்யூ பெயர் எழுதி ஒரு மரப்பலகை செய்துவந்து, வீட்டில் முன்னோரைக் கும்பிடும் மேடையில் அப்பாவின் பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வேறு குடும்பப் பெயர்க்காரரை முன்னோர்களோடு ஒட்டி வைக்கக்கூடாது. அதனால் நடுவே டயர் பெட்டி அட்டையை வெட்டி நிறுத்தினார். வருடா வருடம் கதையில் சொன்ன தேதியில் அவித்த கோழி, மூன்று கிண்ணம் சாராயம், எரித்தால் செத்தவர் கைக்குப் போய்ச் சேரும் தாள் பணம். ஆலியான் முணுமுணுத்துக்கொண்டே கோழி அவித்தாள். கிறுக்கு என்று சந்து சொன்னது. ஆனால் அந்த வருடத்திலிருந்து அந்த மனிதர் கல்யாண வீட்டில் பாடினார், மகள் முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோது கண் கலங்கினார். கிறுக்கு இப்படிப் பிடிக்குமானால் பிடிக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

பதினோரு வருடம் கழித்து 'மீண்டும் ஒன்பதாம் பாலம்' வந்தது. எழுதியவர் அதே ஆள். கோக்சூன் பட்டறைக் கதவை இறக்கிவிட்டு, கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தின்படி புதைத்தது ஷான்யூவையே இல்லையாம், அவன் ஜாடையில் இருந்த ஒரு சமையல்காரனையாம். ஷான்யூ பாலத்துக்கு அடியில் ஒளிந்து தப்பித்து, தெற்கே போய் வாத்து வளர்த்தானாம். நூற்றெண்பது பக்கத்துக்கு வாத்துதான். வாத்துக்குச் சீக்கு வருகிறது, சீக்கு போகிறது, வேறு சீக்கு வருகிறது. வாளை எடுப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் நாணல் வெட்ட. புத்தகத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவள் நான், மட்டமானது எவ்வளவோ பார்த்தாயிற்று. இதைப் படித்து மட்டும் வயிறு எரிந்தது.

மறுநாள் கோக்சூன் என் கடை வாசலில் வந்து நின்றார். "அக்கா, அவரு பாலத்துக்கு அடியில இருந்தாராம்" என்றார். பின்னாலேயே ஆலியான் வந்தாள், இடுப்பில் கை வைத்தபடி.

"பதினோரு வருஷமா உசுரோட இருக்கற ஆளுக்குக் கோழி அவிச்சுப் போட்டிருக்கேன் அக்கா. உசுரோட இருக்கறவர் பேரைப் பலகையில எழுதி வச்சா வீடு வெளங்குமா? இன்னைக்கே எடுத்தாகணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. உயிரோடு இருப்பவனுக்குப் படையல் வைப்பது அவனுக்கும் கேடு, வைக்கும் வீட்டுக்கும் கேடு. கோக்சூன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எடுத்துடலாம். ஆனா அவரு சாகலேன்னா அன்னைக்கு நான் யாருக்கு அழுதேன்? அப்பாவுக்கு அழுததும் அதோட சேத்திதானே."

எழுதியவரைக் கேட்டால் எழுதினதைத்தான் சொல்வார், சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று, கேள்வி கேட்டுத் தரையில் போட்டால் விழுகிற விதத்தில் சாமியோ செத்தவரோ பதில் சொல்லும் இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். உயிரோடு இருக்கிறவர் கட்டையில் எப்படிப் பதில் சொல்வார் என்று ஆலியான் வழி நெடுக மடக்கினாள். அப்படியானால் பதில் வந்தாலே செத்தவர்தான் என்றாகிறது என்றேன். அவள் யோசித்தாள். யோசித்தபடியே ஊதுபத்தியும் கொளுத்தினாள்.

கோக்சூன் இரண்டாம் பாகத்தைப் பலகையின் முன்னே திறந்து வைத்து மண்டியிட்டார். "இதுல எழுதியிருக்கறது நெசமா?" என்று கேட்டு இரண்டு கட்டைகளையும் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தன. அப்படி விழுந்தால் கேட்கப்பட்டவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டார், சிரிப்பு. மூன்றாம் தடவையும் சிரிப்பு. ஒரு கட்டை மேடைக்கு அடியில் உருண்டுபோய் அங்கேயும் மல்லாந்து கிடந்தது.

ஆலியான் கட்டைகளைப் பிடுங்கினாள். பதினோரு கோழி அவித்தவளுக்குக் கேட்க உரிமை உண்டு. "ஐயா, நீங்க அந்தப் பாலத்து மேலதானே செத்தீங்க?" ஒன்று தட்டை, ஒன்று வளைவு. ஆம். மூன்று தடவை போட்டாள், மூன்றும் ஆம்.

கோக்சூன் தரையில் உட்கார்ந்து அழுதார், அந்த நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அழுகை. அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டு ஆலியானும் அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மனிதர் செத்துத்தான் போனார் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அழுது ஓய்ந்ததும் கோக்சூன் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு தாள் பணம் எரிக்கும் தகர டின்னிடம் போனார். என் கடைப் புத்தகம்தான், ஆனாலும் எரியட்டும் என்று வழிவிட்டேன். ஆலியான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"எரிக்காதீங்க. எரிச்சா நேரா அவரு கையிலதான் போய்ச் சேரும். பாவம், செத்தும் அந்த வாத்தையெல்லாம் படிக்கணுமா?"

டயர் பெட்டி அட்டை பதினோரு வருடப் புகையில் இற்றுப்போயிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, அப்பாவுக்கும் ஷான்யூவுக்கும் நடுவே இரண்டாம் பாகத்தை நிறுத்தினார்கள். நல்ல கெட்டி அட்டை, சாயாமல் நிற்கிறது. கடையில் யாராவது அந்தப் புத்தகத்தைக் கேட்டால் வெளியே போயிருக்கிறது என்று சொல்கிறேன்.