பிளாஷ் வெளிச்சத்தில் அம்மா

எரிந்து முடிந்த பிளாஷ் பல்புக்கு ஒரு மணம் உண்டு. பிளாஸ்ரிக் சீப்பைச் சுட்டதுபோல மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அதை முதன்முதலாக எங்கள் அம்மாவின் செத்த வீட்டில்தான் மணந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்றாலும் நெல்லியடியில் ஒன்று, நல்லூரில் ஒன்று என்று இரண்டு ஸ்ரூடியோ என் சொந்த உழைப்பில் நிற்கின்றன. வடமராட்சியில் பாதிக் கலியாணம் நான் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் பொருந்தியது என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். எங்கே பிளாஷ் அடிக்க வேண்டும், எங்கே அதை மூடி வைக்க வேண்டும் என்பதில் என்னை வெல்ல ஆளில்லை. அந்த அறிவு வந்த வழிதான் நல்ல வழியல்ல.

அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுத்ததில்லை. "என்ரை கறுப்பு முகத்துக்குப் படம் ஒரு கேடோ" என்று சிரித்துத் தட்டிவிடுவார். ஆகவே சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர் நின்று எடுக்கும் அந்தப் படத்தில் விழுந்தால்தான் அவருடைய முகம் எங்களுக்கு மிஞ்சும். முற்றத்துப் பந்தலின் உட்புறம் "வெள்ளை" கட்டியிருந்தது. நடுப்பகல் வெயில் அந்தத் துணிக்குள்ளால் வடிந்து, பகல் நித்திரை கொள்பவர்மேல் கிடப்பதுபோல அம்மாமேல் கிடந்தது. படமெடுக்க வந்த செல்லத்துரை அண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிளாஷ் தேவையில்லை, உந்த வெளிச்சமே காணும்" என்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, விடவில்லை. "அண்ணை, அக்கா கறுப்பு. பிளாஷ் அடிச்சாத்தான் முகம் வெளிக்கும்."

"வெளிக்கும். முகம் இராது."

"உவர் பல்பை மிச்சம் பிடிச்சுக் கலியாண வீட்டுக்குக் கொண்டு போகப்போறார்" என்று பெரியம்மா அழுகைக்கு நடுவே சொன்னதும், செல்லத்துரை அண்ணை பல்பை எடுத்துக் கமராவில் பூட்டினார். அவர் கமராவை அமத்துகிற நேரம் பார்த்து நான் அம்மாவைத் தொடக் குனிந்தேன்.

படம் வந்த நாள் வீடே ஆறுதல்பட்டது. "அக்கா எவ்வளவு வெள்ளையா விழுந்திருக்கிறா பார்" என்று மாமா வீடு வீடாகக் காட்டினார். நான் பார்த்தேன். மாப் பூசியதுபோல ஒரு வெளிறல். மூக்கின் நிழல் இல்லை, கன்னத்துக் குழி இல்லை, எந்த ஊரோ தெரியாத ஒரு பெண். "இது அம்மா இல்லை" என்று அழுதேன். "சும்மா கிட" என்றார்கள்.

இன்று செத்த வீடுகளில் தகரக் கொட்டகையும் ரியூப் லைற்றும்தான். கனடாவில் இருப்பவர்கள் போனில் பார்த்து அழுகிறார்கள். துணியால் வடியும் அந்த வெயிலைக் காணவில்லை. மாமாவும் பெரியம்மாவும் போய்விட்டார்கள்; அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்க இனி ஒருவரும் இல்லை, எனக்கும் மறந்துவிட்டது. கணினியில் எந்தக் கிழவனையும் குமரனாக்குவேன். அந்த வெளிறலுக்குள்ளிருந்து அம்மாவை எடுக்க என்னால் முடியவில்லை. எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் நான் குனிந்ததால் என் நிழல் அவருடைய வலது கையில் விழுந்திருக்கிறது. அந்தக் கையை மட்டும் பிளாஷ் தொடவில்லை. வெங்காயம் நட்டுத் தடித்த விரல்கள், கறுப்பாக, நகத்து வெடிப்போடு அப்படியே இருக்கின்றன. அதை மட்டும் பெருப்பித்து வீட்டில் மாட்டியிருக்கிறேன். பூ வைப்பதும் அதற்குத்தான்.