என் இடுப்பும் ஒரு முக்காலியும்

போர்வை தைக்கிறவளுக்கு ஊசி விரலில் குத்தினால் அன்றைக்கே ஆறிவிடும். இடுப்பில் குத்தினது ஆறவே ஆறாது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்கிற என் கூட்டத்து ஜனங்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஓசூர்ப் பக்கத்துக் குளிருக்குப் பழைய சேலைகளை ஏழெட்டு அடுக்காகப் போட்டுத் தைக்கிற கனத்த போர்வைதான் தாங்கும். கன்னடம் பேசுகிறவர்கள் ஒரு பேர் சொல்வார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் இன்னொரு பேர் சொல்வார்கள், நடுக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். சேலை கொடுத்தவர் வீட்டுக்கே போய்த் தைப்பது வழக்கம். கூடத்தில் சேலைகளை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு நூலோட்டிக்கொண்டே நகர வேண்டும். ஒரு போர்வைக்கு நாலு நாள். பன்னிரண்டு வருஷம் நகர்ந்தேன். பதிமூன்றாவது வருஷம் இடுப்பு, "நான் வரமாட்டேன், நீ போ" என்றுவிட்டது.

குனியாத வேலை

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கத்தினேன். "இனிமே தரையில உட்கார்ந்து குனியக்கூடாது. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போனா நிமிர்ந்து நடக்கவே மாட்டே" என்றார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆகிறது. வீட்டில் ரெண்டு பெண்பிள்ளைகள். மூணு வயிற்றுக்கும் சோறு போடுவது அந்த ஒரு ஊசிதான்.

"குனியாம எப்படிங்க ஐயா தைக்கிறது?" என்றேன். "வேற வேலை பாரும்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வேற வேலையாம்! நாற்று நடுவதா, களை பறிப்பதா, வீடு மெழுகுவதா? எதையம்மா குனியாமல் செய்கிறார்கள்? வயிற்றெரிச்சல் தாங்காமல் கம்பவுண்டரிடம் கேட்டே விட்டேன். மருந்து சீசாவில் அளவுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "குனியாம செய்யிற வேலை ஒண்ணுதான் இருக்குது. டாக்டர் வேலை."

ரெண்டு மூங்கில்

வீட்டுக்கு வந்து யோசித்தேன். போர்வைக்கு நான்தான் குனிய வேண்டுமா? போர்வை எனக்காகக் கொஞ்சம் மேலே வரக்கூடாதா? ரெண்டு பச்சை மூங்கில் வெட்டினேன். சேலை அடுக்கின் ரெண்டு முனையையும் தனித்தனி மூங்கிலில் சுற்றி, மார் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டால், நின்றபடி தைக்கலாம். தைத்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே போகலாம். என்ன ஒரு மூளை என்று எனக்கே என்மேல் பெருமை.

முதல் முதலாகச் சூளகிரிப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசலில் மூங்கில் ரெண்டையும் பக்கம் பக்கமாகக் கிடத்தி, அடித்துணிக்குக் கொடுத்திருந்த வெள்ளை வேட்டியைக் கட்ட ஆரம்பித்தேன். மருமகள் வந்து பார்த்தாள். "ஐயையோ!" என்று ஒரே கூச்சல். உள்ளே பெரியவர் ஒரு மாதமாக இருமலோடு படுத்திருக்கிறாராம். அது எனக்கு எப்படித் தெரியும்? என் கண்ணுக்கு என் இடுப்புதான் தெரிந்தது. மூங்கிலைத் தெருவில் வீசினார்கள். வாசலைக் கழுவினார்கள். "நல்லா இருப்பியாடி நீ" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். வலிக்கிறவளுக்கு இவ்வளவு வசவா? அழுகையே வந்துவிட்டது. சத்தம் கேட்டு அந்தப் பெரியவரே தடி ஊன்றி வெளியே வந்து, மூங்கிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "அளவு எடுத்தியாம்மா, இல்ல குத்துமதிப்பா கட்டுறியா?"

வாத்தியாரம்மாவின் சந்தேகம்

அப்புறம் ஆசாரியிடம் போனேன். கழற்றி மாட்டுகிற மாதிரி நாலு சட்டம், நாலு கால், உட்கார ஒரு முக்காலி செய்து கொடுத்தார். சட்டத்தில் சேலைகளை இழுத்துக் கட்டி, முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துத் தைத்தேன். அடடா! பன்னிரண்டு வருஷம் என்ன பைத்தியக்காரத்தனம் பண்ணினேன் என்று இருந்தது. எல்லாவற்றையும் கட்டித் தலையில் சுமந்துதான் போகவேண்டும். போனால் போகிறது, தலைதானே, இடுப்பு இல்லையே.

தொரப்பள்ளியில் ஒரு வாத்தியார் வீட்டில் தைத்தேன். வாத்தியாரம்மா நாலு நாளும் என்னை முறைத்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு தரம்கூட முனகவில்லை, இடுப்பைப் பிடிக்கவில்லை, எண்ணெய் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. முடித்துக் கொடுத்ததும் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். என் வலியைச் சேர்த்துத் தைத்தால்தான் இவளுக்குச் சூடு வருமா? குறை ஒன்றும் கிடைக்காமல் கடைசியில் சொன்னாள்: "தையலெல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு சொகுசா உட்கார்ந்து தைச்ச போர்வை குளிர் தாங்குமா?"

மாடு ஒண்ணும் சொல்லாது

பேரிகையில் ஒரு பண்ணை வீடு. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், குழந்தை பிறப்பதற்குள் போர்வை வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் சட்டத்தை மாட்டி முக்காலியைப் போட்டேன். பண்ணையம்மா பாய்ந்து வந்தாள். "என் மாமனார் இருந்தவரைக்கும் இந்தக் கூடத்துல நானே ஒசந்து உட்கார்ந்ததில்ல. நீ முக்காலி போடுறியா?"

"இடுப்பு வலிங்கம்மா. நான் உங்க மாமனார் முன்னாடியா உட்கார்றேன்? உங்க பழைய சேலை முன்னாடிதானுங்களே?" என்றேன். வாய் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் அடக்குவது? அவள் ஏதோ பெரிய தர்மம் பண்ணுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "வேணும்னா மாட்டுக்கொட்டாயில போட்டுக்கோ. மாடு ஒண்ணும் சொல்லாது."

மறுபடியும் பேரிகை

சட்டத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலாம் நாள் அந்த வீட்டு வண்டி என் வாசலில் நின்றது. வீம்புக்குப் பண்ணையம்மாவே தரையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாளாம். அன்றைக்குச் சாயங்காலமே இடுப்பு பிடித்துக்கொண்டதாம். "முக்காலியை மறக்காம எடுத்தாரச் சொன்னாங்க" என்றான் வண்டிக்காரன். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. பார்த்தாயா, வலி வந்ததும் புத்தி வந்துவிட்டது என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. நடுக்கூடத்தில் சட்டத்தை மாட்டினேன், முக்காலியைப் போட்டேன். ஊசியில் நூல் கோத்துவிட்டுத் திரும்பினால், முக்காலியில் பண்ணையம்மா! "அப்பாடா! தரையில உட்காரவே முடியலடி, உயிர் போவுது. நீ கீழே உட்கார்ந்து தைச்சுக்கோ. உனக்குப் பழக்கம்தானே?"

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. ஆனால் கீழே உட்காரவில்லை. கொல்லையிலிருந்து செங்கல் எடுத்துவந்து சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் மூன்று அடுக்கினேன். நின்றே தைத்தேன், நாலு நாளும். அவள் என் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, நான் நிமிர்ந்தது நிமிர்ந்தபடி அவள் தலைக்கு மேலே நூலோட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைக்குப் போர்வை முடிகிற அன்றைக்குக் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உன்னை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தும் வலிக்குதுடி. கொஞ்ச நேரம் உட்காரேன்!"

இடுப்பு வலி யார் எவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் வருகிறது. முக்காலிதான் ஆளைப் பார்த்து வருகிறது.