ஓடாத கப்பலின் வருமானம்

அந்த உல்லாசக் கப்பல் ஓடியதைவிட நின்றதில்தான் கம்பெனிக்கு லாபம் அதிகமாம். முடிதிருத்துபவர் சொன்னார். அவருக்குச் சொன்னவன் கப்பலில் ரொட்டி சுடுகிறவன்.

"இன்ஜின் ரூம்ல தீப்பிடிச்சதும் ஒரு யோகம்தான் சார். டிக்கெட்டு, குடி, சூதாட்டம் எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ்காரன் கொட்டிக் கொடுக்கப் போறானாம். ஆளே ஏறாத கப்பலுக்கு!"

கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர். எவ்வளவு கொட்டலாம் என்று சொல்ல வேண்டியவரே அவர்தான்.

வெகுகாலமாக அவருக்கு இதுதான் வேலை. கப்பலைப் பழுதுபார்க்கும் செலவை வேறொருவர் பார்ப்பார். இவர் பார்ப்பது நடக்காமல் போன பயணங்களை. கப்பல் போயிருந்தால் எத்தனை அறை நிரம்பியிருக்கும், எத்தனை பேர் குடித்திருப்பார்கள், போகாததால் மிச்சமான எரிபொருள் எவ்வளவு, சமைக்காமல் தப்பித்த கோழிகள் எவ்வளவு. அலுவலகத்தில் அவருக்கு 'இருந்திருந்தால்' என்று பட்டப்பெயர். அசைந்தால் குமட்டும் என்பதால், கயிறு போட்டுக் கட்டிய கப்பலைத் தவிர வேறெதிலும் அவர் கால் வைத்ததில்லை.

வீட்டிலும் இதே கணக்குதான் ஓடும். அங்கே கணக்கு முழுக்க சகலையைப் பற்றியது.

சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், அதே கப்பல் கம்பெனியின் நிதிப் பிரிவில் இருந்தார். அந்த வேலைக்கு முதலில் மனுப் போட்டவர் மதிப்பீட்டாளர். "கடல் ஒத்துக்காதாமே?" என்று நேர்முகத்தில் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்து உள்ளே போனவர் சகலை. அவர் வீட்டு பால்கனியில் நின்றால் துறைமுகம் தெரியும். இவர் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகள் முகத்தில் சூடாக மூச்சுவிடும். சகலைக்குத் தலைமுடி இன்னும் அடர்த்தி. அதைக்கூட மன்னிக்கலாம், பேசும்போதெல்லாம் அதைக் கோதிவிட்டுக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி வீட்டுல புது சோபா வாங்கியிருக்காங்க" என்பாள் மனைவி.

"உட்காரத்தானே?"

"பின்ன, நிக்கவா வாங்குவாங்க? உங்க வயித்தெரிச்சல்ல அது பத்திக்காம இருந்தா சரி."

கப்பல் கம்பெனியின் இழப்பீட்டுக் கோரிக்கை தன் மேசைக்கு வந்ததும், மேலதிகாரியிடம் போய் உறவைச் சொல்லிவிட்டார். "பரவாயில்ல, நீங்க இன்னும் இறுக்கித்தான் கேப்பீங்க" என்று அவர் சிரித்தார். தன் பொறாமை மேலதிகாரிக்கும் தெரிந்துவிட்டதா என்று மதிப்பீட்டாளரின் முகம் சுருங்கிப் போனது.

கோரிக்கையைத் தயாரித்தவர் சகலை. படு சுத்தமான வேலை. மதிப்பீட்டாளர் ஒவ்வோர் எண்ணையும் தட்டிப் பார்த்தார், எதுவும் ஆடவில்லை. அதுவேறு எரிந்தது. கடைசி இரண்டு வாரங்களுக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக முழுக் கப்பலையும் அந்த இரண்டு வாரத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்ததாம். தீயால் அந்த வருமானம் போயிற்றாம்.

அந்தத் தேதிகள் அவருக்குத் தெரியும். தீப்பிடிப்பதற்கு முன்பு சகலை வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சகலை தலையைக் கோதிக்கொண்டே சொன்னார்: "அந்த ரெண்டு வாரமும் கப்பல் பெயின்ட் அடிக்கக் கரையேறுது அண்ணே. ஆபீஸ்ல யாரும் என்னைத் தேட மாட்டாங்க. மலையில வீடு எடுத்திருக்கேன், குடும்பத்தோட போறோம். நீங்களும் வாங்களேன், அங்க அலை கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் மனைவியும்தான். அந்தச் சிரிப்புதான் தேதிகளை மறக்கவிடாமல் வைத்திருந்தது.

தீயே பிடிக்காவிட்டாலும் கப்பல் அந்த இரண்டு வாரம் கரையில்தான் கிடந்திருக்கும். வராத வருமானம் எப்படிப் போகும்? மதிப்பீட்டாளருக்கு வயிறு குளிர்ந்தது. அது சந்தோஷம்தான் என்று புரிந்ததும் நாற்காலியில் நெளிந்தார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சேவா எழுதியிருக்காரு?"

"தலைமைக் கணக்காளர் பதவிக்கு அவன் பேரு போயிருக்கு. தொகை பெருசா வாங்கிக் கொடுத்தா அவன்தான் ராஜா."

"நீங்க இதை எழுதிட்டா?"

"பதவி எங்க? இருக்கிற வேலையே போகும்."

"அப்புறம் என் தங்கச்சி இந்த வாசப்படி மிதிப்பாளா? 'மாமா பொறாமையில பண்ணிட்டாரு'ன்னுதான் சொல்லுவா."

"உள்ளதை எழுதினா பொறாமையா?"

"உள்ளதுதான். ஆனா அதைச் சொல்லும்போது உங்க மூஞ்சி கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏசி பெட்டிகள் இரைந்தன. அறிக்கை நாளைக் காலை போயாக வேண்டும். அதற்குள் கம்பெனியே கோரிக்கையைத் திருத்திக்கொண்டால் அதைப் பிழை என்று விட்டுவிடுவார்கள். இவர் கண்டுபிடித்து எழுதினால் அதற்குப் பெயர் பொய். போனைக் கையிலெடுத்தார்.

"யாருக்கு?"

"அவனுக்குத்தான். அவனே அந்த ரெண்டு வாரத்தை எடுத்துடட்டும். இல்லேன்னா நான் எழுதத்தான் போறேன்."

மனைவி அருகில் வந்து நின்றாள். "வேற எவனாவது இப்படி எழுதியிருந்தா போன் பண்ணிச் சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப இது என் தங்கச்சிக்காகவா? இல்ல, அவரு கெஞ்சறதைக் காதால கேக்கணுமா?"

சகலையின் குரல் தழைந்துபோய் "அண்ணே..." என்று இழுப்பதை, அலுவலகத்திலிருந்து வரும் வழியிலேயே மனத்துக்குள் கேட்டுப் பார்த்திருந்தார். இனித்தது. பேருந்தில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு ஒரு நிறுத்தம் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று.

எண்ணை அழுத்தினார். சகலை தன் போனில் கம்பெனியின் விளம்பரப் பாட்டைக் காலர் டியூனாக வைத்திருந்தார். முதலில் கப்பலின் சங்கொலி, பிறகு இசை, பிறகு இனிய பயணத்துக்கு வரவேற்கும் ஒரு பெண்குரல்.

"எடுத்தா முதல்ல என்ன சொல்லப் போறீங்க?" மனைவி போனை அவர் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, மேசையில் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

சங்கொலி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.