செங்கல்லில் நான்கு விரல்கள்

மிசிசிப்பியில் ஹார்ட்வெல் பருத்திப் பண்ணையின் பழைய வீட்டைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தாடியஸ் தன் அக்கா வெர்லீனுடன் அதைப் படமெடுக்க வந்தான். முன்பக்க வெள்ளைத் தூண்களை எல்லோரும் படமெடுத்தாயிற்று. அவனுக்கு வேண்டியது பின்கட்டுச் சமையலறையின் புகைபோக்கி. அடிமைகளாயிருந்த அவர்களுடைய முன்னோர்தான் அந்தச் செங்கற்களை அறுத்தவர்கள்.

அவன் காமிராவைத் தாங்கியில் பொருத்துவதற்குள் வெர்லீன் ஈரத்துணியால் செங்கற்களின் மேலிருந்த பாசியைத் துடைத்துவிட்டாள்.

"ஐயோ அக்கா! அந்தப் பச்சைதானே அழகு. கெடுத்துட்டியே!"

"அழுக்கு மூஞ்சியோட எவன்டா போட்டோவுக்கு நிப்பான்?"

பதில் சொல்ல வாயெடுத்தவன் குனிந்து பார்த்தான். துடைத்த செங்கல் ஒன்றில் நான்கு சின்னப் பள்ளங்கள். ஈரமண்ணில் பதிந்த குழந்தை விரல்கள். வெர்லீன் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள், நுனிகூட நுழையவில்லை.

"ஆறு வயசுகூட இருக்காதுடா," என்றாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே."

"உன்னைக் கூட்டிட்டு வந்தேனே, நல்லவேளை! நான் பாசியைத்தான் எடுத்துட்டுப் போயிருப்பேன்."

"பேசினது போதும், எடு."

தன் பெரிய தொப்பியின் நிழல் அந்த விரல்களின் மேல் விழாதபடி அதைக் கழற்றிக்கொண்டு, அவன் எடுத்து முடிக்கும்வரை அவள் வெயிலில் நின்றாள்.